போடியிலிருந்து ஓர் ஊதா மூடி

விரல் நீளம், ஊதா நிற மூடி, உட்சுவரில் தெளித்துக் காயவைத்த ஈடிடிஏ உப்பு. போடிநாயக்கனூரில் எந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்தாலும் வரிசையாக நிற்பது இந்தக் குழாய்தான். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். உப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குழாய்க்குள் ரத்தம் உறையாது. ரத்தம் விட்டதும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். கவிழ்க்காமல் விட்டால் அடியில் சின்னக் கட்டி விழும், தட்டணுக்கள் அதில் சிக்கிக்கொள்ளும், எண்ணும் கருவி அவற்றைக் கணக்கிலேயே சேர்க்காது. ரத்தம் எடுப்பவரின் கைப்பக்குவம் சரியில்லை என்றால் அதற்குப் பிறகு நடக்கும் எதுவும் சரியாக இருக்காது.

நான் பின்தொடரப்போகும் குழாய்க்கு உரியவர் தனியொரு மனிதர் இல்லை. பலருக்கு நடப்பதை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். அவர் பொட்டிபுரத்துக்காரர், வயது 61 என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அம்பரப்பர் மலையைக் குடைவதா கூடாதா என்ற சண்டையில் பத்திரிகைகளில் அடிபட்ட அதே பொட்டிபுரம். இளவயதில் விடியற்காலை ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்தவர். மருந்து அடித்திருக்கிறார், கவாத்து செய்திருக்கிறார், மூட்டை சுமந்திருக்கிறார். ஆறு மாதமாக அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம்.

கருவி ஒரு நிமிடத்தில் சீட்டைத் துப்புகிறது. ஹீமோகுளோபின் 8. வெள்ளையணு 2,600. தட்டணு 60,000. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 106. இது 100க்குள் இருக்க வேண்டும்.

தட்டணு குறைந்தாலே டெங்கு என்று பேசும் ஊர் நம்முடையது. நிலவேம்புக் கசாயமும் பப்பாளி இலைச் சாறும் முதல் வாரத்தில் வந்துவிடும். காய்ச்சலே இல்லையே என்று யாராவது சொன்னால், அணு பருத்திருக்கிறதே, வைட்டமின் பி12 குறைவாக இருக்கும் என்று ஊசி போடுவார்கள். அதில் தப்பில்லை. பி12 குறைவு நம்மிடம் மிகச் சாதாரணம், ஊசியில் தீருவதும் உண்டு. ஆனால் இரண்டு மாதம் ஊசி போட்டும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் குழாய் அடுத்த ஊருக்குப் பயணப்பட்டாக வேண்டும். அந்த இரண்டு மாதம் ஆறு மாதமாக நீள்வதுதான் பல குடும்பங்களில் நடக்கிறது.

அடுத்த நிறுத்தம் கானாவிலக்கு, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதிதாக ஒரு ஊதா மூடி. இந்த முறை கருவியோடு விடவில்லை. ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நன்றாக வளர்ந்த வெள்ளையணுவின் கருவில் மூன்று நான்கு மடல்கள் இருக்க வேண்டும். இங்கே இரண்டே மடல்தான், நடுவில் மெல்லிய இழை, பழைய காலத்து மூக்குக்கண்ணாடி மாதிரி. சாயமேறிப் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டிய அணுவின் உடல் வெளிறிக் கிடக்கிறது. பார்த்துப் பழகியவருக்கு இது போதும். ரத்தம் எங்கேயோ கசிந்து குறையவில்லை, ஊறுகிற இடத்திலேயே கோணலாக ஊறுகிறது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும். எம்டிஎஸ் என்று சுருக்கிச் சொல்லப்படும் நோயாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் ஒரு பகுதியினருக்கு அது கடுமையான ரத்தப் புற்றுநோயாக முற்றும்.

மருத்துவர் அவரை உட்காரவைத்துக் கேட்கிறார்.

“ஐயா, கூடப்பொறந்தவங்க எத்தன பேரு?”

“அஞ்சு பேரு சார். மூத்த அண்ணன் போய்ச் சேந்துட்டாரு.”

“என்ன செஞ்சது அவருக்கு?”

“ரத்தமே ஊறலன்னாக. மருதைப் பெரியாஸ்பத்திரில நாலு பாட்டில் ஏத்தினாக. அம்புட்டுத்தான்.”

“அப்ப என்ன வயசு?”

“அறுவது இருக்கும். மலைல மருந்தடிச்சதுதான்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாக.”

இந்தக் கேள்வி எத்தனை பேரிடம் கேட்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. அறுபது வயதில் வருகிற ரத்த நோய்க்கும் பிறப்புக்கும் சம்பந்தமில்லை என்றுதான் ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. பரம்பரை நோய் என்றால் குழந்தையிலேயே தெரிந்துவிடும், அறுபதில் வருவது வயதின் கோளாறு, அல்லது வேலையின் கோளாறு. 1999இல் ரன்எக்ஸ்1 என்ற மரபணு அந்தப் பாடத்தில் முதல் ஓட்டை போட்டது. தலைமுறை தலைமுறையாகத் தட்டணு குறைந்து, அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்த குடும்பங்களில் அந்த மரபணுவில் பிறவியிலேயே பிழை இருந்தது. 2011இல் காட்டா2. 2015இல் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று டிடிஎக்ஸ்41 என்ற மரபணுவின் பங்கைக் கண்டுபிடித்துச் சொன்னபோது பழைய பாடம் முழுசாகவே உடைந்தது. இந்த மரபணுவில் பிழையோடு பிறந்தவர் அறுபது வயதுவரை எந்தக் குறையும் இல்லாமல் வாழ்கிறார். கல்யாணம், பிள்ளைகள், பேரன் பேத்திகள், எல்லாம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் மஜ்ஜை தடுமாறத் தொடங்குகிறது. ஆண்களுக்கே அதிகம் வருகிறது. பிழையைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் தன் ரத்தப் புற்றுநோய் வகைப்பாட்டில் பிறவி வழி வருபவற்றுக்குத் தனி இடம் கொடுத்தது. எம்டிஎஸ்ஸும் கடுமையான மஜ்ஜைப் புற்றுநோயும் வந்த பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடம் இப்படியொரு பிறவிப் பிழை இருக்கலாம் என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மருந்தடித்ததுதான் காரணம் என்று ஊர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. பென்சீன் மஜ்ஜையைக் கெடுக்கும் என்பது ஐயமில்லாத உண்மை. பூச்சிக்கொல்லிகளுக்கும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. கையுறையும் முகமூடியும் இல்லாமல் ஏலத்தோட்டத்தில் மருந்தடித்த ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது மருத்துவரின் கடமை. ஆனால் வேலை காரணமா, பிறப்பு காரணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கின்றன. டிடிஎக்ஸ்41இல் ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. மற்ற பிரதி நல்லபடி வேலை செய்துகொண்டிருக்கும். நோய் வந்த பலரிடம் பார்த்தால், மஜ்ஜையின் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் பிற்காலத்தில் பழுதாகியிருக்கிறது. முதல் பழுது தாய் வழியோ தகப்பன் வழியோ வந்தது. இரண்டாவது, வாழ்ந்த வாழ்க்கையில் நேர்ந்தது.

போடியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை 90 கி.மீ. மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றுபோய், அகலப் பாதையாகி, 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது. அதோடு சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் விரைவு ரயிலும் கிடைத்தது. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் வழியாகப் போகும் அந்த ரயில் காட்பாடியில் நிற்கும். நோய் முற்றினால் வேலூர் என்று நினைக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த ஒரு நிறுத்தம் எவ்வளவு பெரிய உதவி என்பது, ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரேயும் மறுகையில் நோயாளியுமாக மூன்று பேருந்து மாறியவர்களுக்குத் தெரியும். வேலூர் சிஎம்சியில் 1986இல் மருத்துவர் மாமன் சாண்டி தொடங்கிய மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் இந்தத் துறையில் இந்தியா நம்பி நிற்கும் தூண்களில் ஒன்று. அந்த ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது.

நோயாளி ரயிலில் போகிறார். குழாய்கள் கூரியரில் போகின்றன. பெரிய பரிசோதனைக்கூடங்கள் எல்லா ஊரிலும் ஆள் வைத்து வாங்கிக்கொள்கின்றன. தெர்மோகோல் பெட்டி, ஜெல் ஐஸ், குழாயைச் சுற்றிப் பஞ்சு. டிஎன்ஏ பார்க்க வேண்டிய ஊதா மூடி இரண்டு மூன்று நாள் தாங்கும், ஐஸோடு நேராக ஒட்டி உறையாமல் பார்த்துக்கொண்டால் சரி. செல் செத்தாலும் டிஎன்ஏவின் எழுத்து அழியாது. பச்சை மூடிக் குழாய் அப்படி இல்லை. அதில் ஹெப்பாரின் இருக்கும், செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும், ஐஸ் கூடாது, முடிந்தால் ஒரே நாளில் சேர வேண்டும். ஃபான்கோனி சோகை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அந்தப் பச்சை மூடிதான் வேண்டும். மைட்டோமைசின் போன்ற மருந்தைச் செல்கள்மேல் விட்டு, குரோமோசோம்கள் அளவுக்கு மீறி உடைகின்றனவா என்று எண்ணுவார்கள். ரத்தம் எடுத்த இடத்திலிருந்து சனிக்கிழமை மதியம் பச்சை மூடியை அனுப்பினால் திங்கட்கிழமை செத்த செல்தான் போய்ச் சேரும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும், ஆனால் சொல்லித்தர வேண்டும்.

ஃபான்கோனி சோகையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 1927இல் சுவிஸ் குழந்தை மருத்துவர் குய்டோ ஃபான்கோனி விவரித்த நோய் இது. கட்டைவிரல் கோணல், குட்டையான உடல், தோலில் பழுப்புத் திட்டு, சிறுவயதிலேயே மஜ்ஜை வற்றுதல். ஆனால் வெளியே ஒன்றும் தெரியாமல் வளர்ந்து, முப்பது நாற்பது வயதில் ரத்தம் குறைந்தோ புற்றுநோய் வந்தோ அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எதில் பழுதானாலும் இந்த நோய் வரலாம். அவற்றில் எஃப்ஏஎன்சிஎல் என்ற மரபணுவால் நோய் வந்தவர்கள் உலகம் முழுவதிலும் ஒன்பதே பேர்தான் பதிவாகியிருந்தார்கள். 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த மரபணுவின் 1092ஆவது எழுத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. ஒரே எழுத்து. அதனால் நோய் வந்தவர்கள் 13 பேர், 12 பேர் இந்தியர்கள், ஒருவர் பாகிஸ்தானி. எல்லோரிடமும் அது ஒரே மூதாதையிடமிருந்து வந்ததற்கான தடயமும் கிடைத்தது.

என்னை அசரவைத்தது எண்ணிக்கை இல்லை. அந்த எழுத்து மாறினாலும் புரதத்தில் அந்த இடத்தில் வர வேண்டிய அமினோ அமிலம் லைசின்தான், அது மாறுவதே இல்லை. காகிதத்தில் பார்த்தால் தீங்கில்லாத மாற்றம். அமினோ அமிலத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கணினியும் அதை ஒதுக்கித் தள்ளியிருக்கும். ஆனால் அந்த எழுத்து நிற்பது மரபணுத் துண்டு ஒன்றின் கடைசி விளிம்பில். செல் தன் செய்தியை வெட்டி ஒட்டும்போது விளிம்பு அடையாளம் தெரியாமல் 72 எழுத்துகளைத் தவறவிட்டுவிடுகிறது. புரதத்தில் 24 அமினோ அமிலங்கள் காணாமல்போகின்றன. நோயாளியின் செல்லை எடுத்து, செய்தி எப்படி வெட்டப்படுகிறது என்று பார்த்தபிறகுதான் குற்றவாளி அகப்பட்டது. ஐரோப்பியப் பட்டியலை வைத்துக்கொண்டு நம் ரத்தத்தைப் படித்தால் என்ன தவறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நோய் வரப் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வர வேண்டும். அதனால் மாமன் மகள், அக்கா மகள் கட்டும் குடும்பங்களில் வாய்ப்புக் கூடுகிறது. சொந்தத்தில் கட்டவில்லை, அதனால் எங்களுக்குப் பரம்பரை நோய் இல்லை என்று பலர் நிம்மதியாக இருப்பதும் இதனால்தான். டிடிஎக்ஸ்41, ரன்எக்ஸ்1, காட்டா2 ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒரு பிரதி போதும். அந்நியத்தில் கட்டினாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நம்முடைய ஊதா மூடிக்குத் திரும்புவோம். மஜ்ஜையிலிருந்து எடுத்த டிஎன்ஏவை வாசித்திருக்கிறார்கள். டிடிஎக்ஸ்41இல் ஒரு மாற்றம், நூறு வாசிப்பில் 48இல் தெரிகிறது. அதே மரபணுவில் இன்னொரு மாற்றம், நூற்றில் 10. பாதிக்கு ஒட்டி வருகிற எண் பிறவியிலேயே இருந்ததாகச் சந்தேகிக்க வைக்கும். ஆனால் அந்த எண்ணை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நோய் பிடித்த செல்களே மஜ்ஜையை நிறைத்திருந்தால், பிற்காலத்தில் வந்த பிழையும் பாதியளவு தெரியும். ரத்தத்தில் இருப்பதில் எது பிறந்தபோது இருந்தது, எது பிறகு வந்தது என்பதை ரத்தத்திடமே கேட்டால் தெளிவாகச் சொல்லாது. எச்சிலிலும் வெள்ளையணுக்கள் கலந்திருக்கும்.

அதனால் தோல். முன்கையின் உட்புறத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, வட்டக் கத்தியால் 3 அல்லது 4 மி.மீ. அகலத்துக்கு ஒரு துணுக்கு. வலி அதிகமில்லை, ஒரு தையல். அந்தத் துணுக்கு இளஞ்சிவப்பு நிற வளர்ப்புத் திரவத்தில் போகிறது. பரிசோதனைக்கூடத்தில் அதைப் பொடியாக நறுக்கித் தட்டையான குடுவையின் அடியில் ஒட்டி, 37 டிகிரியில் வைக்கிறார்கள். ஓரங்களிலிருந்து நீள நீளமான ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஊர்ந்து வெளியே வரும். குடுவை நிறைய வாரங்கள் ஆகும். அவற்றில் ரத்தச் செல்களின் கலப்பு இல்லை. அந்த 48 இங்கேயும் இருந்தால் பிறவியில் வந்தது. இல்லையென்றால் நோயில் வந்தது. நம்மவரின் குடுவையில் முதல் மாற்றம் இருக்கிறது, இரண்டாவது இல்லை.

நோய் ஏற்கெனவே வந்தாயிற்று, பிறவியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று மகன் கேட்பான். கேட்க வேண்டியதுதான். உடல் தாங்குமென்றால் இந்த நோயை வேரோடு தீர்க்க இருக்கும் வழி மஜ்ஜை மாற்று. கொடையாளியாக முதலில் பார்ப்பது கூடப்பிறந்தவர்களை. ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன, டிடிஎக்ஸ்41 ஐந்தாவதில். ஒன்று பொருந்துவதற்கும் மற்றது வந்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக, அச்சாகப் பொருந்திய தம்பியிடமும் அதே பிழை இருக்கப் பாதி வாய்ப்பு. தெரியாமல் அவருடைய செல்லை ஏற்றினால், மாற்றப்பட்ட மஜ்ஜை சரியாகப் பிடிக்காமல் போகலாம். சில வருடம் கழித்துக் கொடையாளியின் செல்களிலிருந்தே புதிதாகப் புற்றுநோய் கிளம்பியதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. நோயாளிக்கு இரண்டாம் முறை வந்தது பழைய நோயே இல்லை, கொடுத்தவரின் நோய். தம்பிக்கோ, தனக்கும் இந்த ஆபத்து இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். அண்ணனைக் காப்பாற்ற வந்த மனிதருக்கு இந்தச் செய்தியை இப்படித் தெரிவிப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

எனவே பொருத்தம் பார்க்கும் அன்றே தம்பி, தங்கைகளின் ஊதா மூடிகளும் இந்த ஒரு எழுத்துக்காகப் படிக்கப்பட வேண்டும். வீட்டில் யாரும் தேறவில்லை என்றால் வெளிக் கொடையாளி. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் பதிந்திருப்பவர்களிடம் தேடலாம். தமிழர்களுக்குப் பொருந்தக்கூடியவர் தமிழர்களிடையே கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆகவே நம் இளைஞர்கள் அதில் பதிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு வரலாற்றைக் கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். “ரத்தப் புற்றுநோய் இருந்ததா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். டெலோமியர் என்ற குரோமோசோம் நுனிகள் பிறவியிலேயே குட்டையாக இருக்கும் குடும்பங்களில், சித்தப்பாவுக்கு இருபத்தைந்திலேயே தலை முழுக்க நரைத்திருக்கும். குடிப் பழக்கமே இல்லாத அத்தைக்குக் கல்லீரல் சுருங்கியிருக்கும். பெரியப்பா நுரையீரல் இறுகி மூச்சுத் திணறிப் போயிருப்பார். ஊர் இவற்றை மூன்று தனித்தனி விதி என்று நினைத்திருக்கும். காட்டா2 குடும்பத்தில் தீராத மருக்கள், கால் வீக்கம், காது கேளாமை. ரன்எக்ஸ்1 குடும்பத்தில் சின்ன அடிக்கும் நீலம் பாயும் உடம்பு. இவற்றை ஞாபகம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். நோயாளியோடு ஆஸ்பத்திரி வருபவர் மருமகன். பாட்டிக்கு ஒரு கைபேசி அழைப்பு போட்டால் கிடைப்பது ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் பரிசோதனைக்கு வழிகாட்டும்.

கல்யாணமாகாத பேத்தி இருக்கிறாளே, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. அதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. அறுபதில் வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய ஒன்றுக்காகப் பத்து வயதுக் குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் படிக்கத் தேவையில்லை என்பதே டிடிஎக்ஸ்41 விஷயத்தில் மருத்துவர்களின் பொதுக் கருத்து. வயது வந்தபிறகு தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. தெரிந்துகொண்டவர்கள் வருடம் ஒருமுறை சாதாரண ரத்த எண்ணிக்கை பார்த்துக்கொண்டால் நோய் வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். இந்த வகை நோய் பெரும்பாலும் மெதுவாக நகர்கிறது, சிகிச்சைக்கும் நன்றாகவே இசைகிறது.

அறிக்கை எப்போதும் இவ்வளவு தெளிவாக வருவதில்லை. நம் மக்களுடைய ரத்தத்தில் காணப்படும் பல மாற்றங்களுக்கு நேராக, ‘பொருள் இன்னும் தெளிவாகவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நம் ஆட்களின் மரபணு வரிசை போதுமான அளவு இருந்ததில்லை. 2019இல் சிஎஸ்ஐஆரின் இண்டிஜென் திட்டம் ஆயிரத்துச் சொச்சம் இந்தியர்களைப் படித்தது. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இன்று தெளியாத எழுத்து மூன்று வருடம் கழித்துத் தீங்கானது என்றோ, தீங்கில்லாதது என்றோ தெளியலாம். அப்போது பரிசோதனைக்கூடம் அறிக்கையைத் திருத்தினாலும், யாரைக் கூப்பிட்டுச் சொல்லும்? அறிக்கையின் முதல் பக்கத்தில் இருப்பது கூட வந்த மருமகனின் கைபேசி எண். அவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார், எண்ணையும் மாற்றிவிட்டார். ஆகவே ரத்தம் கொடுக்கும்போதே ஊரில் நிலையாக இருக்கும் ஒருவரின் எண்ணை இரண்டாவதாக எழுதிக் கொடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீங்களாகவே அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போய், “இந்த எழுத்தைப் பத்தி ஏதும் புதுசாத் தெரிஞ்சிருக்கா டாக்டர்?” என்று கேளுங்கள்.